அரிசி விளையும் ஏரிக்கரைகளுக்கு ஒரு நாள் பயணம்

கடையை அடைப்பது என்றாலே நம்மில் பலருக்கு மனம் ஒப்புவதில்லை. காலை ஆறு மணிக்குத் திறந்தால் இரவு பத்து மணிக்குத்தான் கதவு இறங்கும். நல்லது கெட்டதுக்குப் போனாலும் பாதிப் பந்தியில் எழுந்து வந்து கல்லாவில் உட்காருகிறோம். குழந்தைகள் கோடை விடுமுறையில் ஊருக்குப் போக வேண்டும் என்றால் அவர்கள் தாயாரோடு அனுப்பிவிட்டு நாம் கடையிலேயே இருந்துவிடுகிறோம். இப்படியே இருபது, முப்பது ஆண்டுகள் ஓடிவிட்டன என்று சொல்லும் வணிகர்கள் குருசுக்குப்பத்தில் மட்டுமல்ல, எல்லா ஊரிலும் உண்டு.

இந்த நிலையில், "ஒரு நாள் கடையை அடைத்துவிட்டு ஏரி பார்க்கப் போகலாம் வாருங்கள்" என்றால் சிரிப்புத்தான் வரும். நம் பகுதி உறுப்பினர்கள் 21 பேர், பொங்கல் வியாபாரம் முடிந்த கையோடு, தை மாதக் கடைசியில் அப்படி ஒரு பயணம் போய் வந்தோம். பொழுதுபோக்குக்காகப் புறப்பட்டது உண்மை. திரும்பி வரும்போது தொழிலுக்கு வேண்டிய பாடத்தோடு வந்தோம் என்பதால் மற்ற வணிகப் பெருமக்களும் அறிய இதை எழுதுகிறோம்.

ஏன் ஏரிக்கரை?

ஏரிக்கரை ஊர் என்றதும் நமக்கு நினைவு வருவது ஊட்டியும் கொடைக்கானலும் ஏற்காடும்தான். ஊட்டி ஏரி 1824ஆம் ஆண்டு வாக்கில் ஜான் சல்லிவன் என்ற கலெக்டரால் அமைக்கப்பட்டது. கொடைக்கானல் ஏரி 1863இல் உருவாக்கப்பட்டது. இரண்டும் வெள்ளைக்காரர்கள் உண்டாக்கியவை. படகில் போகலாம், குதிரையில் போகலாம், புகைப்படம் எடுத்துக்கொள்ளலாம்.

நம் பக்கத்து ஏரிகள் அப்படிப்பட்டவை அல்ல. அவை சோறு போடும் ஏரிகள். புதுச்சேரிப் பகுதியில் மட்டும் 84 ஏரிகள் இருப்பதாகக் கணக்கு. நாம் மூட்டை மூட்டையாக வாங்கி, படி படியாக விற்கும் அரிசியில் ஒரு பங்கு இத்தகைய ஏரிப் பாசனத்தில் விளைந்ததுதான். ஆனால் அந்த ஏரிகளை நம்மில் எத்தனை பேர் கரையேறிப் பார்த்திருக்கிறோம்? அரிசி லாரியில் வருகிறது, மண்டியிலிருந்து வருகிறது என்பதோடு நம் அறிவு நின்றுவிடுகிறது.

குருசுக்குப்பம் கடைக்காரருக்குக் கடலின் கணக்கு நன்றாகத் தெரியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த நாட்களில் மீனவர் வீடுகளில் பற்று ஏறும், படகு இறங்கிய பிறகுதான் வரவு வரும். அதற்கேற்பவே நாம் சரக்கு பிடிக்கிறோம், கடன் கொடுக்கிறோம். கடலுக்கு ஒரு நாட்காட்டி இருப்பதைப் போல ஏரிக்கும் ஒரு நாட்காட்டி இருக்கிறது. அரிசி விலையும், கிராமத்து வாடிக்கையாளர் கையில் பணம் புரள்வதும் அந்த நாட்காட்டிப்படியே நடக்கின்றன. அதைக் கண்ணால் பார்த்துவிட்டு வருவதே எங்கள் பயணத்தின் நோக்கமாக அமைந்தது.

முதல் நிறுத்தம் பாகூர்

விடியற்காலை ஐந்தரை மணிக்கு வேன் புறப்பட்டது. அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம் கடந்து, கன்னியக்கோயிலில் மேற்கே திரும்பினால் பாகூர். பொழுது நன்றாக விடிவதற்குள் ஏரிக்கரையில் நின்றோம். புதுச்சேரிப் பகுதியில் ஊசுட்டேரிக்கு அடுத்த பெரிய ஏரி இதுதான். பாகூரைப் புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று சொல்வது சும்மா அல்ல என்பது கரையிலிருந்து பார்த்தால் தெரிகிறது. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் கண்ணுக்கு எட்டியவரை நெல்.

தென்பெண்ணையின் தண்ணீர் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக இந்த ஏரிக்கு வருகிறது. பங்காரி, சிங்காரி என்ற தாசி சகோதரிகள் தங்கள் பொருளைச் செலவிட்டு வாய்க்கால் வெட்டினார்கள் என்று ஊரில் சொல்லப்படும் கதை. தாம் சேர்த்த செல்வத்தை ஊருக்குத் தண்ணீராகத் திருப்பிக் கொடுத்தவர்களின் பெயர் இன்றும் வாய்க்கால் பெயராக நிற்கிறது. தர்ம காரியங்களுக்கு நன்கொடை தரும் வணிகர்கள் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி இது.

பழைய நாளில் இவ்வூருக்கு வாகூர் என்று பெயர். பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில், ஒன்பதாம் நூற்றாண்டில், இங்கிருந்த வித்யாஸ்தானம் என்ற உயர்கல்விக் கூடத்துக்கு மூன்று கிராமங்கள் தானமாகக் கொடுக்கப்பட்டதைச் செப்பேடு சொல்கிறது. அந்தக் கிராமங்களின் விளைச்சலில் கல்லூரி நடந்திருக்கிறது. சோழர் காலத்து மூலநாதர் கோயிலும் ஊர் நடுவே இருக்கிறது. 1752இல் பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் மோதிய பாகூர்ச் சண்டை நடந்ததும் இங்கேதான். ஆங்கிலேயர் பக்கம் தலைமை தாங்கியவர் ஸ்டிரிங்கர் லாரன்ஸ்.

ஏரி என்றால் நன்மை மட்டும் அல்ல என்பதையும் பாகூர் நமக்குக் காட்டியிருக்கிறது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்து, அடுத்த சில நாட்களில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட வெள்ளம் தென்பெண்ணையில் பெருகியபோது பாகூர்ப் பக்கத்துக் கிராமங்களில் தண்ணீர் புகுந்தது. அப்படி நெல் மூழ்கினால் அந்தக் கிராமங்களில் கடன் கொடுத்திருக்கும் கடைக்காரரின் பேரேட்டிலும் ஒரு பகுதி மூழ்கும். ஏரிக்கரையில் நின்றபோது எங்களில் ஒரு பெரியவர், "நம்ம சிட்டையில் இருக்கிற பாக்கி எல்லாம் இந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது" என்றார். எல்லோரும் தலையாட்டினோம்.

வடலூர் வழியாக

பாகூரிலிருந்து மீண்டும் கடலூர்ச் சாலையைப் பிடித்தோம். பிரெஞ்சு ஆட்சி 1954 நவம்பர் 1 அன்று முடியும்வரை, புதுச்சேரிச் சரக்கு கடலூர்ப் பக்கம் போக வேண்டுமானால் சுங்கச் சாவடியைத் தாண்டித்தான் போக வேண்டும். மூத்த வணிகர் குடும்பங்களில் அந்தக் கதைகள் இன்றும் உண்டு. 2017 ஜூலை 1இல் சரக்கு சேவை வரி வந்த பிறகு தமிழ்நாட்டில் வணிகவரிச் சோதனைச் சாவடிகளும் எடுக்கப்பட்டுவிட்டன. மதுவிலக்குச் சோதனை மட்டும் எல்லையில் நடப்பது எல்லோரும் அறிந்ததே. சுற்றுலா போகிறவர்கள் வண்டியில் பாட்டில் எதுவும் ஏற்றக் கூடாது. ஒருவர் செய்யும் தவறால் இருபது பேரின் நாள் வீணாகும்.

கடலூரில் காலைச் சிற்றுண்டி. பிறகு குறிஞ்சிப்பாடி வழியாக வடலூர். வள்ளலார் 1867இல் தொடங்கிய சத்திய தருமச்சாலையில் அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிகிறது. வந்தவர்க்கெல்லாம் சோறு. நாங்கள் வேனில் கொண்டுபோன ஒரு மூட்டை அரிசியையும் பருப்பையும் அங்கே கொடுத்தோம். வியாபாரத்துக்கு அரிசி தூக்கிய தோள், கொடுப்பதற்கென்று தூக்கியபோது கனம் தெரியவில்லை என்று எங்களில் இளைய உறுப்பினர் ஒருவர் சொன்னது உண்மை.

வீராணம்: ஆயிரம் ஆண்டு மூலதனம்

வடலூரிலிருந்து சேத்தியாத்தோப்பு. அங்கே எங்கள் வழிகாட்டி ஏறிக்கொண்டார். காட்டுமன்னார்கோயில் பக்கத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர். முன்கூட்டியே பேசி ஏற்பாடு செய்திருந்தோம். அவர் வந்து சேரும்வரை நாங்கள் வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் பேச ஆரம்பித்த பிறகுதான் ஏரியைப் பார்த்தோம் என்று சொல்ல வேண்டும்.

சேத்தியாத்தோப்பை அடுத்த பூதங்குடியிலிருந்து லால்பேட்டை, காட்டுமன்னார்கோயில் வரை ஏரிக்கரை மேலேயே சாலை போகிறது. ஏரியின் நீளம் சுமார் 16 கிலோமீட்டர். வண்டியின் ஒரு பக்கச் சன்னலில் கடல்போலத் தண்ணீர், மறுபக்கச் சன்னலில் பள்ளத்தில் பச்சை வயல். கடற்கரையிலேயே பிறந்து வளர்ந்த நமக்கே அந்தத் தண்ணீர்ப் பரப்பு வியப்பாக இருந்தது.

முதலாம் பராந்தக சோழன் (907–955) காலத்தில் வெட்டப்பட்ட ஏரி இது. அவனுடைய பட்டப்பெயர் வீரநாராயணன். வீரநாராயணன் ஏரி என்பதே மக்கள் வாயில் வீராணம் ஆயிற்று. அவன் மகன் இராசாதித்தன் பெரும் படையோடு வடக்கே தங்கியிருந்த காலத்தில், போர் இல்லாத நேரத்தில் படைவீரர்களைக் கொண்டே இந்த ஏரி வெட்டப்பட்டது என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். இராசாதித்தன் 949இல் தக்கோலப் போரில் மாண்டான். ஏரி நிற்கிறது. கல்கியின் பொன்னியின் செல்வன், 1950இல் தொடராகத் தொடங்கியபோது, முதல் அத்தியாயம் ஆடிப்பெருக்கு அன்று இந்த ஏரிக்கரையில்தான் தொடங்கியது. அதைப் படித்த எங்கள் வீட்டுப் பெண்கள் வேனை நிறுத்தச் சொல்லி இறங்கி நின்று பார்த்தார்கள்.

வழிகாட்டி சொன்ன கணக்கு வணிகர்களுக்குப் பிடித்த கணக்கு. மேட்டூரில் திறக்கும் காவிரித் தண்ணீர் கல்லணை தாண்டிக் கொள்ளிடத்தில் வந்து, 1836இல் ஆர்தர் காட்டன் கட்டிய கீழணையில் தேங்கி, வடவாறு வழியாக வீராணத்துக்கு வருகிறது. ஏரியின் முழு மட்டம் 47.5 அடி. கொள்ளளவு 1.465 டி.எம்.சி. பாசனம் பெறும் நிலம் ஏறக்குறைய 45,000 ஏக்கர்.

இதை நம் கணக்குக்கு மாற்றிப் பார்த்தோம். ஏக்கருக்கு 25 மூட்டை நெல் என்றே வைத்துக்கொண்டாலும் 11 லட்சத்து 25 ஆயிரம் மூட்டை. நூறு கிலோ நெல்லை அரைத்தால் 65 முதல் 68 கிலோ வரை அரிசி கிடைக்கும். இந்த ஒரு ஏரியில் ஒரு போகம் தவறினால் எத்தனை மண்டிகளில், எத்தனை ஆலைகளில், எத்தனை கடைகளில் அதன் அதிர்ச்சி தெரியும் என்பதை ஒவ்வொருவரும் மனத்தால் போட்டுக்கொள்ளலாம்.

ஆகஸ்ட், செப்டம்பரில் பாசனத்துக்குத் தண்ணீர் திறந்தால் சம்பா நடவு. தை, மாசியில் அறுவடை. நாங்கள் போனது அறுவடை நேரம். கரைக்குக் கீழே இயந்திரங்கள் அறுத்துக்கொண்டிருந்தன. சாலை ஓரத்தில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. இறங்கிக் கையில் அள்ளிப் பார்த்தோம், கடித்துப் பார்த்தோம். ஈர நெல்லுக்கும் காய்ந்த நெல்லுக்கும் பல்லில் தெரியும் வித்தியாசத்தை அங்கிருந்த விவசாயி ஒருவர் காட்டினார். "புது அரிசி குழைகிறதே" என்று பங்குனியில் நம்மிடம் சண்டைக்கு வரும் வாடிக்கையாளருக்கு இனி நாம் பதில் சொல்லலாம். அறுத்து ஒரு மாதம் ஆன அரிசிக்குத் தண்ணீர் குறைத்து வைக்க வேண்டும், பழைய அரிசி வேண்டுமானால் விலை கூடும், இட்லிக்குக் குண்டு அரிசி வேறு, சோற்றுக்குப் பொன்னி வேறு என்று எடுத்துச் சொல்லலாம். பெரிய அங்காடியில் பையில் கட்டி அடுக்கி வைத்திருக்கும் அரிசி இதைச் சொல்லாது. சொல்லத் தெரிந்த கடைக்காரர் நாம்.

சென்னை குடிக்கும் தண்ணீர்

வீராணத்தின் தண்ணீர் இன்று வயலுக்கு மட்டும் போவதில்லை. 2004 முதல் சென்னைக்குக் குடிநீராகவும் போகிறது. சேத்தியாத்தோப்பிலிருந்து வடக்குத்துக்கு ஏற்றி, சுத்திகரித்து, அங்கிருந்து குழாயில் சென்னை போரூர் வரை அனுப்புகிறார்கள். நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் என்பது திட்டத்தின் அளவு. இதற்கு முன் 1960களின் இறுதியில் தொடங்கிப் பாதியில் நின்றுபோன பழைய வீராணம் திட்டத்தின் ராட்சதக் குழாய்கள் நெடுங்காலம் சாலை ஓரத்தில் கிடந்ததும், அவற்றுக்குள் ஏழைகள் குடியிருந்ததும் நடுத்தர வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும்.

1.465 டி.எம்.சி. என்பது சுமார் 4,150 கோடி லிட்டர். நாளுக்கு 18 கோடி லிட்டர் எடுத்தால், வயலுக்கு ஒரு சொட்டும் விடாமல் இருந்தாலும் 230 நாள் கணக்கு. அதில் வெயிலில் ஆவியாவது உண்டு, வண்டல் அடைத்துக்கொள்ளும் இடமும் உண்டு. காவிரியில் வரத்துக் குறைந்த ஆண்டுகளில் கோடையில் ஏரி வறண்டுபோகிறது. நகரத்துக்கும் தண்ணீர் வேண்டும், நெல்லுக்கும் தண்ணீர் வேண்டும். யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒன்று புரிந்தது. மேட்டூர் அணை மட்டம் எவ்வளவு, வீராணத்தில் எத்தனை அடி என்று பத்திரிகையில் ஒரு மூலையில் வரும் செய்தியை நாம் இதுவரை விவசாயி படிக்க வேண்டிய செய்தி என்று தள்ளிவந்தோம். அது அரிசி வியாபாரி படிக்க வேண்டிய செய்தியும்தான். மார்க்கெட் நிலவரம் வருவதற்கு நான்கு மாதம் முன்னதாகவே அந்த மூலையில் நிலவரம் வந்துவிடுகிறது.

லால்பேட்டை வெற்றிலை, காட்டுமன்னார்கோயில் கல்வெட்டு

ஏரியின் தென்கோடியில் லால்பேட்டை. இசுலாமியப் பெருமக்கள் நிறைந்த ஊர். வெளிநாடுகளில் உழைத்துச் சம்பாதித்த பணத்தால் எழுந்த வீடுகளைத் தெருவெங்கும் பார்க்கலாம். பழைய அரபிக் கல்லூரி ஒன்றும் உண்டு. ஊரைச் சுற்றி வெற்றிலைக் கொடிக்கால். ஏரி ஈரம் இருந்தால்தான் கொடி நிற்கும். அகத்தியில் படர்ந்த கொடிகளுக்கு நடுவே வெயில் தெரியாமல் நடந்தோம். நம் பெட்டிக்கடைகளில் விற்கும் வெற்றிலையைப் பறிப்பது எப்படி, கவுளி அடுக்குவது எப்படி என்று காட்டினார்கள். கவுளிக்கு எத்தனை இலை என்பது ஊருக்கு ஊர் மாறும் என்பதால் வாங்கும்போது இலைக் கணக்கைக் கேட்டுக்கொள்வது நல்லது.

அடுத்தது காட்டுமன்னார்கோயில். வீரநாராயணபுரம் என்பது பழைய பெயர். நாலாயிரத் திவ்யப் பிரபந்தத்தைத் தொகுத்த நாதமுனிகளும், அவர் பேரர் ஆளவந்தாரும் பிறந்த ஊர். இங்கே உடையார்குடிப் பகுதியில் உள்ள அனந்தீசுவரர் கோயிலில், ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்களின் சொத்துகளைப் பறிமுதல் செய்தது பற்றிய முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. கதையில் படித்தது கல்லில் இருப்பதைப் பார்ப்பது தனி அனுபவம். பகல் 12 மணிக்கு மேல் கோயில் நடை சாத்திவிடுவார்கள். அதற்குள் போய்ச் சேர வேண்டும்.

உணவுக்குப் பிறகு கங்கைகொண்ட சோழபுரம். முதலாம் இராசேந்திரன் கட்டிய கோயில், 2004இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. கோயிலைப் பார்ப்பவர்கள் ஏரியைப் பார்ப்பதில்லை. கங்கை வரை சென்ற படை கொண்டுவந்த தண்ணீரை விட்டு, சோழகங்கம் என்ற ஏரியைத் தன் வெற்றித் தூணாக மன்னன் அமைத்தான் என்று செப்பேடு கூறுகிறது. கல்லில் தூண் நட்டவர்கள் பலர். தண்ணீரால் தூண் நட்டவன் இவன். இன்று பொன்னேரி என்று வழங்கும் அந்த ஏரி தன் பழைய அளவில் இல்லை. பராமரிப்பு நின்றால் பேரரசன் வைத்த மூலதனமும் கரைந்துபோகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. அங்கிருந்து சிதம்பரம், கடலூர் வழியாக இரவு ஒன்பதரை மணிக்கு ஊர் வந்து சேர்ந்தோம். போக வர 200 கிலோமீட்டருக்கு மேல்.

வழிகாட்டி வேண்டுமா?

"சாலை தெரியும், டிரைவர் தம்பிக்கு எல்லாம் தெரியும், வழிகாட்டிக்கு எதற்குத் தனிச் செலவு?" என்று புறப்படும் முன் கேட்டவர்கள் உண்டு. திரும்பும்போது யாரும் கேட்கவில்லை.

இத்தாலியில் மிலான் நகரத்திலிருந்து கோமோ ஏரிக்கு நாள்தோறும் வழிகாட்டியோடு ஒருநாள் பயணம் போகிறார்கள். கோமோ, பெல்லாஜியோ என்ற சிறிய ஏரிக்கரை ஊர்கள். கோமோ பட்டுக்குப் பெயர் போனது. வழிகாட்டி ஏரியைக் காட்டும்போதே பட்டின் கதையையும் சொல்கிறார். கேட்டவர் கடைக்குப் போய் ஒரு கழுத்துத் துண்டாவது வாங்குகிறார். ஊரின் கதை அந்த ஊரின் சரக்கை விற்கிறது. லால்பேட்டை வெற்றிலைக்கும் வீராணக் கரை நெல்லுக்கும் ஆயிரம் ஆண்டுக் கதை இருக்கிறது. சொல்ல ஆள்தான் குறைவு.

நம் ஊருக்கும் இது பொருந்தும். புதுச்சேரிக்கு வரும் சுற்றுலாப் பயணிகள் குருசுக்குப்பத்துக்குப் பக்கத்துத் தெருக்கள் வரை வந்து போகிறார்கள். நாம் ஒரு நாள் பயணியாக இருந்து பார்த்தபோதுதான் ஒரு பயணிக்கு என்ன வேண்டும் என்று தெரிந்தது. குடிக்க நல்ல தண்ணீர், பெண்களுக்குச் சுத்தமான கழிப்பிடம், எழுதி வைத்த விலை, கேட்ட கேள்விக்கு முகம் சுளிக்காத பதில். இவ்வளவுதான். வழியில் ஒரு கடைக்காரர் எங்களில் வயதான அம்மா ஒருவருக்கு நாற்காலி எடுத்துப் போட்டார். 21 பேரும் அவர் கடையில்தான் தேநீர் குடித்தோம், முறுக்கும் வாங்கினோம். நாற்காலிக்கு அவர் செலவு செய்தது ஒன்றுமில்லை.

போக விரும்புவோர் கவனத்துக்கு

வழிகாட்டி அந்த மண்ணைச் சேர்ந்தவராக இருக்கட்டும். ஓய்வுபெற்ற ஆசிரியர், பாசனத்துறையில் வேலை பார்த்தவர், கோயில் வரலாறு தெரிந்தவர் நல்லது. கூலியை முன்பே பேசி முடித்துவிடுங்கள். "அந்தக் கடையில் வாங்குங்கள், இந்தக் கடையில் வாங்குங்கள்" என்று தரகுக்கு இழுப்பவர் வேண்டாம். தரகு என்றால் என்னவென்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

புதுச்சேரிப் பதிவு எண் உள்ள வாடகை வேன் தமிழ்நாட்டுக்குள் போக உரிய பர்மிட்டும் வரி ரசீதும் இருக்கிறதா என்று முதல் நாளே பார்த்துவிடுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். மதகு அருகில் தண்ணீரில் இறங்கவே கூடாது. மேலே அமைதியாகத் தெரியும், அடியில் இழுப்பு இருக்கும். பிள்ளைகளைக் கரையில் கைப்பிடியிலேயே வையுங்கள். சாப்பிட்ட இலை, தாள், பிளாஸ்டிக் பைகளை ஏரியில் போடாமல் வண்டியிலேயே கொண்டுவந்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம் வேண்டாம். தை, மாசி ஏற்ற காலம்.

கடை அடைத்தால் நட்டம்தானே என்ற கேள்விக்கும் கணக்கே பதில். ஒரு நாள் விற்பனை 8,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நட்டம் 8,000 அல்ல, அதில் உள்ள லாபம் மட்டுமே. பத்து சதவீதம் என்றால் 800. அதிலும் அரிசி, பருப்பு, எண்ணெய் வாங்க வேண்டியவர் அன்று வாங்காவிட்டால் மறுநாள் வாங்குவார். உண்மையில் கைவிட்டுப் போவது பால், ரொட்டி போன்ற அன்றாடச் சில்லறை மட்டும். மாதக் கடைசியில், சம்பளக்காரர் வீட்டுச் சிட்டை வராத நாளாகப் பார்த்து அடைத்தால் அதுவும் குறையும். மூன்று நாள் முன்னதாகப் பலகையில் எழுதிப் போட்டுவிட்டால் வாடிக்கையாளரும் கோபிக்க மாட்டார். ஒரே தெருவில் எல்லோரும் ஒரே நாளில் அடைக்காமல், இரண்டு அணியாகப் பிரிந்து இரண்டு நாளில் போனால் தெருவுக்கும் தொல்லை இல்லை.

பயணத்தில் எங்களோடு மூன்று வணிகர்களின் பிள்ளைகள் வந்தார்கள். படித்தவர்கள். கடைக்கு வர மனமில்லாதவர்கள். ஏரிக்கரையில் நெல்லை அள்ளிப் பார்த்து, ஆலை எங்கே, மண்டி எங்கே, விலை எப்படி என்று வழிகாட்டியை ஓயாமல் கேட்டது அவர்கள்தான். அவர்களில் ஒருவர் மறுவாரமே தந்தையின் கடையில், எந்த அரிசி எந்த ஊரில் விளைந்தது, அறுவடை எப்போது, எதற்கு ஏற்றது என்று அட்டையில் எழுதி ஒவ்வொரு மூட்டையிலும் செருகி வைத்தார். வாடிக்கையாளர்கள் நின்று படிக்கிறார்கள். கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்தபடி நாம் சொன்ன புத்திமதி செய்யாததை ஒரு நாள் பயணம் செய்தது.

ஆகவே ஒவ்வொரு பகுதி உறுப்பினர்களும் ஆண்டுக்கு ஒரு நாள், பொங்கல் முடிந்த பிறகு, குடும்பத்தோடும் பிள்ளைகளோடும் இப்படி ஓர் ஏரிக்கரைக்குப் போய்வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். வீராணம் போக முடியாதவர்கள் பாகூருக்காவது, ஊசுட்டேரிக்காவது அரை நாள் போகலாம். நம் கடையின் முதல் மூட்டை அந்தக் கரைக்குக் கீழேதான் விளைகிறது. அது எப்படி இருக்கிறது என்று ஆண்டுக்கு ஒரு முறை நேரில் போய்ப் பார்ப்பது, ஆண்டுக்கு ஒரு முறை இருப்பு எடுப்பதைப் போன்ற கடமைதான்.